உங்களுக்கு எது சரின்னு படுதோ

இந்தக் கூடத்தில் நீங்கள் எடுக்கும் முடிவு யாருக்கும் தெரியப்போவதில்லை, உங்கள் இணையாக ஆடுபவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் யாரென்று அவருக்கும் தெரியாது, என்று வாசித்துக்கொண்டே வந்தவருக்கு மூன்றாவது வரியிலேயே வாய் ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டது. வாய்க்கு ஒன்றும் கஷ்டமில்லை. இருபது வருஷமாக அது இந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறது, பேராசிரியர் கோமதிநாயகத்தைத் தூக்கத்தில் எழுப்பி உட்காரவைத்தாலும் கண்ணைத் திறக்காமல் ஒப்பித்துவிடும். மனசுதான் காலையிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது, சமையலறை ஜன்னல் பக்கம், ஒரு கையில் பால் பாக்கெட்டும் மறு கையில் போனுமாக, அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் வடிவு மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. ஸ்கூல்ல என்னைய ஹெச்.எம்.மா இருக்கச் சொல்லுதாங்க, மூணு வருசத்துக்கு, இன்னிக்குச் சாயந்தரம் கரஸ்பாண்டென்ட் வீட்டுக்கே வாராரு, பதில் சொல்லணும், சரின்னுட்டா பெறவு நடுவுல விட்டுட்டு வர முடியாது பாத்துக்கிடுங்க. நீங்க என்ன சொல்லுதீய, என்று கேட்டாள். அவர் என்னவோ சொன்னார். நியாயமாகத்தான் சொன்னார், அது மட்டும் நினைவிருக்கிறது. என்ன வார்த்தை போட்டுச் சொன்னார் என்பது பிடிபடாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. பதிலுக்கு அவள், சரி, வச்சிருதேன், என்றாள். அந்தச் சரி எந்தச் சரி? பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூளைத் தேடி நாக்கு போவது போல மனசு அதற்கே போய்க்கொண்டிருக்கிறது, பஸ்ஸிலும் போனது, மத்தியானம் கேன்டீனில் தயிர்சாதம் முன்னால் உட்கார்ந்தபோதும் போனது, இதோ இத்தனை பேர் நடுவில் நிற்கும்போதும் போகிறது. வடிவு அவருடைய மனைவி. அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்தபோது, சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனாள், நாலு வருஷம் ஆகிறது. மாமனார் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். வடிவு திரும்பி வரவில்லை. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுக்கத் தொடங்கினாள். இதற்கு நடுவில் ஒரு சண்டை, ஒரு சுடுசொல், எதுவும் கிடையாது. சண்டை போட்டுப் பிரிந்த புருஷன் பெண்டாட்டி என்றாலாவது சமாதானம் பேச நாலு பேர் வருவார்கள். இவர்கள் சண்டையே போடாமல் பிரிந்து கிடந்தார்கள், பிரிந்துவிட்டோம் என்பதே இரண்டு பேருக்கும் வெகுநாள் தெரியவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் எழும்பூரில் அவளை ரயிலேற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேவைப்படற வரைக்கும் இரு, என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அவளும் சொன்ன சொல் தட்டாமல் இருந்துகொண்டிருக்கிறாள்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பொருளாதாரத் துறையில் மாணவர்கள் அவருக்கு எழும்பூர் ஸ்டேஷன் என்று பெயர் வைத்திருந்தார்கள், வண்டி வரும் நேரத்தையும் வண்டி ரத்தான செய்தியையும் ஒரே மாதிரிச் சொல்லுமே அந்த அறிவிப்பு, அதற்காக. பிறவியில் அப்படி இல்லை. சங்கரன்கோவிலில் பையனாக இருந்தபோது தெருமுனையில் அவர் கத்தினால் தேரடி வரைக்கும் கேட்கும். குரல் படிப்பினால் இப்படி ஆனது. அவருடைய பொருளாதாரம் விலைவாசிப் பொருளாதாரம் அல்ல. மனுஷன் எப்போது கொடுக்கிறான், எப்போது கையை மூடிக்கொள்கிறான், முகம் தெரியாத ஒருத்தனை எந்தத் தைரியத்தில் நம்புகிறான் என்று ஆட்களைக் கூட்டிவந்து உட்காரவைத்து, ஆட்டம் ஆடவிட்டுப் பார்க்கிற படிப்பு. அந்தப் படிப்பில் பெரிய பாவம், ஆராய்கிறவன் தன் ஆசையை வெளியே காட்டுவது. மனுஷ ஜாதி பொல்லாதது. எதிரே நிற்கிறவருக்கு எது பிடிக்கும் என்று மோப்பம் பிடித்துவிட்டால் தன் முடிவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அதையே செய்து காட்டிவிடும். கொஞ்சம் தலையாட்டினால் போதும், ஒரு வார்த்தையை அழுத்திச் சொன்னால் போதும், ஒரு வருஷத்து உழைப்பு பாழ். அதனால் கோமதிநாயகம் சிரிப்பைத் துடைத்தார், தலையாட்டலைத் துடைத்தார், குரலில் ஏற்ற இறக்கத்தைத் துடைத்தார். நெற்றியைக்கூடத் துடைத்தார். திருநீற்றைப் பார்த்து யாராவது தருமவானாகிவிடப் போகிறார்களே என்று, கூடத்துக்குள் நுழையுமுன் கைக்குட்டையை எடுத்து நெற்றியில் ஒரு இழுப்பு. பிறகு எதற்குப் பூசித் துடைக்க வேண்டும் என்று பூசுவதையே விட்டார். உங்க படிப்பு துன்னூறுக்குக்கூடத் தாங்காதாக்கும், என்று வடிவு சிரித்தாள், அப்போதெல்லாம் சிரிப்பாள். தொழிலைத் தொழிலாக வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வந்திருந்தால் குடிமுழுகிப் போயிருக்காது. கூடவே வீட்டுக்கும் வந்துவிட்டது. இன்னிக்குச் சொதி வைக்கவா, புளிக்கொழம்பு வைக்கவா, என்பாள். சொதி என்றால் அவருக்கு உயிர்; தேங்காய்ப்பால் வாசனை அடுப்பிலிருந்து வரும்போதே சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடலாம் போல இருக்கும். இருந்தாலும், உனக்கு எது வசதியோ, என்பார். அவளுக்கு இன்றைக்கு இடுப்பு வலியோ என்னவோ, தேங்காய் துருவிப் பால் பிழிய வேண்டுமே, நான் ஆசையைச் சொன்னால் அவள் தன் அலுப்பை மறைத்துவிடுவாளே என்று. இரண்டு சேலையை விரித்து எது நல்லாருக்கு என்று கேட்டால், ரெண்டுமே. ஒருநாள் அவள் இரண்டையும் மடித்து உள்ளே வைத்துவிட்டுப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதிலிருந்து ஏதாவது தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அன்றைக்கு அவர், இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் மனுஷர்கள் சில நேரம் மூன்றாவதை எடுப்பது ஏன் என்று யோசித்துக்கொண்டே கல்யாண மண்டபம் வரைக்கும் போனார்.

சந்தேகம் இருந்தால் கையை உயர்த்துங்கள், நான் உங்கள் இடத்துக்கு வருவேன், பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டாம், நன்றி. முடிந்தது. அட்டைத் தடுப்புகளுக்குப் பின்னால் தலைகள் குனிந்தன. கண்ணாடி தடுத்த சின்ன அறைக்குள் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் பெனிட்டா, அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண், கம்ப்யூட்டரில் ஆட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் ஏசி ஒழுகும் தண்ணீருக்காக வைத்த பிளாஸ்டிக் வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது, வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது, ஐப்பசி. சாயந்தரம் என்று சொன்னாளே, எத்தனை மணி என்று சொல்லவில்லையே. கரஸ்பாண்டென்ட் என்றால் வயசானவராக இருப்பார், காப்பி நேரத்துக்கு வருவார், பிஸ்கட் வைப்பாள். இன்னும் நேரம் இருக்கிறது. இன்றைய ஆட்டம் பழைய ஆட்டம்தான். முதல் ஆள் கையில் பத்து வில்லை. அதில் எத்தனையை முகம் தெரியாத இரண்டாம் ஆளுக்கு அனுப்பினாலும் போகிற வழியில் மூன்று மடங்காகிவிடும். வாங்கியவர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பலாம், அனுப்பாமல் மொத்தத்தையும் வைத்துக்கொள்ளலாம். கடைசியில் கையிலிருக்கும் வில்லைக்குத் தகுந்த காசு. ஆனால் இரண்டாம் ஆள் எதிராளி அனுப்புகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் ஒன்று அனுப்பினால் நீங்கள் எத்தனை தருவீர்கள், இரண்டு அனுப்பினால் எத்தனை, பத்தும் அனுப்பினால் எத்தனை என்று திரையில் ஒரு அட்டவணை. வரிக்கு வரி முன்கூட்டியே பதில் போட்டுவிட வேண்டும். நடக்கப்போவது ஏதோ ஒரு வரி, ஆராய்ச்சிக்காரனுக்கு எல்லா வரியும் கிடைத்துவிடும். கெட்டிக்கார ஏற்பாடு. முதல் வரி மட்டும், எதிராளி ஒன்றுமே அனுப்பாவிட்டால் என்கிற வரி, சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடக்கும், அங்கே எதுவும் போட முடியாது. வராத ஒன்றிலிருந்து எதைத் திருப்பித் தருவது? அவருக்கும் ஒரு அட்டவணை உண்டு, நாலு வருஷமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வா என்று நான் சொன்னால் அவள் சரி என்பாள். சரி என்றால், மனசார வருகிறாளா, நான் கேட்டுவிட்டேனே என்று வருகிறாளா? கேட்டதற்காக வந்தவள் இந்த வீட்டில் என்ன செய்வாள், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், அந்த முதுகை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே அந்த வரியில், கேட்காதே. வா என்று சொல்லி அவள் இல்லை என்றால்? இல்லை என்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வருகிற போனும் நின்றுபோகும், மழை பெய்ததா, மாத்திரை போட்டீயளா, அதுவும் போகும். அந்த வரியிலும், கேட்காதே. எதுக்கு என்று திருப்பிக் கேட்டால்? இத்தனை நாள் எங்க போயிருந்தீய என்றால்? எல்லா வரியும் நிரம்பித்தான் இருந்தது. அவள் சொல்ல வேண்டியதையும் சேர்த்து இவரே நிரப்பியிருந்தார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இவர் அழுதால் என்ன ஆகும், அழாவிட்டால் என்ன ஆகும், பால் சூடாக இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே தொண்டை காய்ந்த பிள்ளை.

எல்லாத்துக்கும் அந்த ஒற்றை டிக்கெட்தான் காரணம். இல்லை, டிக்கெட் மேல் பழியைப் போடுவானேன். மாமனாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல்காரன் மூங்கிலை உருவிக்கொண்டிருந்தான். தரையெல்லாம் வாழைச்சருகு. அவர் பெட்டியில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார், வடிவு காப்பி டம்ளரோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள், அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது, வெள்ளைக் கல் மூக்குத்தி அதில் பெரிதாகத் தெரிந்தது. ராத்திரி வண்டிதானே, என்றாள். ஆமா. ஒரு டிக்கெட்டா, ரெண்டா? ஒண்ணுதான் போட்டிருக்கு, என்றார். ஒண்ணுதான் போட்டிருக்கு. எவ்வளவு யோசித்து அந்த ஒன்றைப் போட்டார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? படிவத்தில் எந்தக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருக்கிறதோ அதிலேயே ஜனங்கள் நின்றுவிடுவார்கள், மாற்றச் சோம்பல், மாற்றக் கூச்சம். இதைப் பற்றி அவரே கட்டுரை எழுதியிருக்கிறார், வெளிநாட்டுக் கூட்டத்தில் வாசித்துக் கைதட்டு வாங்கியிருக்கிறார். இரண்டு டிக்கெட் போட்டால் அது டிக் அடித்து நீட்டின படிவம் ஆகிவிடும், அப்பாவைப் பறிகொடுத்து நிற்கிறவள் சரி என்று தலையாட்டிக்கொண்டு வண்டி ஏறிவிடுவாள், அது அவளுடைய முடிவாக இருக்காது. அதனால் ஒன்று. ஒன்று போட்டாலும் அதுவும் ஒரு டிக்தானே என்று, கோவில்பட்டி தாண்டி, மேல்படுக்கையில் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் பாடம் எடுத்த மனுஷனுக்கு! இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். சாத்தூரில் வண்டி நின்றது, விருதுநகரில் நின்றது, மதுரையில் வெகுநேரம் நின்றது. அவர் இறங்கவில்லை. அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு போன விதம் இப்போது கண்ணுக்குள் வருகிறது, டம்ளரில் மிச்சம் இருந்த காப்பியை முற்றத்துச் செடிக்கு ஊற்றினாள். பிறகு இந்த வீடு. வேளச்சேரி ஃபிளாட், இரண்டாவது மாடி, கூப்பிட்டால் தன் குரல் தனக்கே திரும்பி வருகிற வீடு. கூப்பிட யாரும் இல்லாததால் அதையும் அவர் சோதித்துப் பார்த்ததில்லை. பிள்ளை குட்டி கிடையாது. கொஞ்ச நாளாகக் குளியலறைக் கதவைத் தாழிடுவதை விட்டுவிட்டார். போன மாசம் வழுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பித்தபோது வலியைவிட முன்னால் வந்தது ஒரு கேள்விதான்: விழுந்திருந்தால் யாருக்கு எப்போது தெரியும்? பால்காரனுக்குத் தெரியாது, பாக்கெட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய்விடுவான். பேப்பர்காரன் கதவடியில் சொருகுகிறவன், சொருக முடியாமல் போகிற அன்றைக்குத் தெரியலாம். வடிவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியும். விழுவதானால் சனிக்கிழமை விழ வேண்டும் என்று ஈரத் துண்டோடு நின்று அவர் சிரித்தார், சிரித்த சத்தம் கேட்டு அவருக்கே பயம் வந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்பட்டு வந்துவிடுவாள், பரிதாபம் முடிவைக் கோணலாக்கும்.

கூடத்தில் ஒரு கை உயர்ந்தது. ஜன்னலோரம், மொபைல் ஷோரூம் சீருடையோடு வந்திருந்த பெண், சட்டைப்பையில் பெயர்ப்பட்டை கூடக் கழற்றவில்லை. அவர் எழுந்து போனார், விதிப்படி நடந்து, விதிப்படி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். இரண்டாம் ஆள். அட்டவணை முழுக்கக் காலி.

“சார், இதுல நான் எவ்ளோ போடணும்?”

“அது உங்கள் முடிவு.”

“இல்ல சார், எவ்ளோ போட்டா கரெக்ட்டு? நீங்க என்ன எதிர்பார்க்கறீங்கன்னு சொன்னா போட்ருவேன். அந்த ஆளு எனக்கு அனுப்புவாரா மாட்டாரான்னே தெரியாம எப்டி சார் போடறது?”

“இதில் சரி, தப்பு எதுவும் இல்லை. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க.”

அவள் அவர் முகத்தை ஒரு நிமிஷம் ஏறிட்டுப் பார்த்தாள், ஏதாவது கிடைக்குமா என்று, ஒன்றும் கிடைக்கவில்லை. “சரி சார்,” என்றாள். குரல் இறங்கிவிட்டது. ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரித் திரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மேலிருந்து கீழ் வரைக்கும் எல்லா வரியிலும் மளமளவென்று ஒரே எண்ணைப் போட்டாள், எண் கூட அவள் பார்த்ததாகத் தெரியவில்லை, இந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று போட்டாள்.

அவருக்குக் கால் நகரவில்லை. சரி சார். சரி, வச்சிருதேன். இரண்டும் ஒரே சரி. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் வடிவு. இதுதான், இதைத்தான் சொல்லியிருந்தார், காலையிலிருந்து வழுக்கிக்கொண்டு போன வார்த்தை இதுதான், நீங்கள் நீ ஆனது தவிர ஓர் எழுத்து மாறவில்லை, குரலும் மாறியிருக்காது, எழும்பூர் ஸ்டேஷன் குரல். பாளையங்கோட்டையில் ஒரு பொம்பளை நாலு வருஷம் கழித்து, வெட்கத்தை விட்டு, நீங்க என்ன சொல்லுதீய என்று கேட்டிருக்கிறாள். அவள் கேட்டது அனுமதி இல்லையே. வேலைக்குப் போகவா வேண்டாமா என்பது ஒரு கேள்வியா, அவளுக்கு அதற்கு இவர் எதற்கு? முகத்தைத் தேடியிருக்கிறாள், முகம் தெரியாததால் குரலில் பார்த்திருக்கிறாள், ஏதாவது கிடைக்குமா என்று. ஆராய்ச்சிக்கு வந்தவளிடம் பேசுகிற மாதிரிப் பேசி அனுப்பிவிட்டாரே பாவி. அவளும் எல்லா வரியிலும் ஒரே பதிலைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டால்? போட்டுவிட வேண்டியதுதானே, இங்கிருந்து என்ன போயிற்று, ஒரு வில்லை போயிற்றா? அவள் கட்டம் சாம்பல் நிறத்தில் அல்லவா கிடக்கிறது, பூட்டினவர் யார்? உடம்பு வேர்த்தது, ஏசியில் வேர்த்தது, நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்தார், துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. இப்போதே கூப்பிட வேண்டும். ஆனால் ஆட்டம் நடக்கும்போது கூடத்தை நடத்துகிறவர் வெளியே போகக் கூடாது, உள்ளே போன் கூடாது, இரண்டையும் எழுதினவர் அவரே. சுவரில் அவர் கையெழுத்தோடு ஒட்டியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம், எல்லாரும் முடித்து, ஒவ்வொருவராகக் காசு உறை வாங்கிக்கொண்டு போனதும். அதற்குள் காப்பி ஆறிவிடும், கரஸ்பாண்டென்ட் எழுந்து கைகூப்பிவிடுவார். கேட்டால் என்ன சொல்வாள், கேட்காவிட்டால் என்ன செய்வாள், மறுபடி அட்டவணை விரிகிறது, வா என்றால் அவள், சீ. போதும்.

கண்ணாடி அறைக்குள் போய்ப் போனை எடுத்தார். பெனிட்டா திரும்பிப் பார்த்தாள்.

“சார், செஷன் நடக்குதே.”

“தெரியும்மா. நீ பாத்துக்கோ.”

“யாராவது கைதூக்கினா?”

“நீ போ. போய், ” என்று நிறுத்தினார். என்ன சொல்லச் சொல்வது? “கொஞ்சம் சிரிச்சுப் பேசு,” என்றார். இருபது வருஷத்தில் அந்த அறையில் அப்படியொரு உத்தரவு பிறந்ததில்லை. பெனிட்டா வாயைத் திறந்தவள் மூடவில்லை.

நடைகூடத்தில் மழைக்காற்று. முதல் தூறல் விழுந்து சிமென்ட் வாசனை கிளம்பியிருந்தது. வடிவுக்குப் போட்ட போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தார், அதையும் இங்கே சொல்லிவிட வேண்டியதுதான். எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் இரண்டாம் தடவை பேசுவது அவளுக்கும் திகிலாக இருந்திருக்க வேண்டும்.

“என்ன, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?”

“இல்ல. வடிவு.”

“சொல்லுங்க. இப்பதான் ஸ்கூல்லேருந்து வாரேன், குடைய மடக்கிக்கிட்டிருக்கேன்.”

வாய் திறந்ததும் எழும்பூர் பேசிவிடுமோ என்று பயந்தார். தொண்டையைச் செருமிக்கொள்ளக்கூட இல்லை, செருமினால் அது முந்திக்கொள்ளும்.

“வந்துரு,” என்றார்.

“என்னது?”

“இங்க வந்துரு. அந்த வேலை வேண்டாம்னு சொல்லிரு. எனக்கு ஒத்தையில இருக்க முடியல வடிவு. காலையில நான் சொன்னது நெசமில்ல. எனக்கு நீ இங்க இருக்கணும். அன்னிக்கே ரெண்டு டிக்கெட் போட்டிருக்கணும், போடல.”

அந்தப் பக்கம் மழை பெய்கிற சத்தம் கேட்டதா, இந்தப் பக்கத்து மழையா, தெரியவில்லை. வடிவு மூக்கை உறிஞ்சினாள்.

“காலையில நீங்க பேசி முடிச்சதும் நானே கரஸ்பாண்டென்ட்டுக்குப் போன் பண்ணிட்டேன்,” என்றாள். “எதுக்குச் சாயந்தரம் வரைக்கும் இழுத்துக்கிட்டுன்னு.”

“என்னன்னு சொன்ன?”

கேட்ட பிறகுதான் தெரிந்தது, பதில் என்னவென்று தெரியாமல் அவளிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

“சரின்னுட்டேன். மத்தியானம் பிரேயர் ஹால்ல பிள்ளைய எல்லாத்தையும் வரச் சொல்லி அறிவிச்சாச்சு. கைதட்டுச்சு பிள்ளைய. இனிமே மாத்த முடியாதுங்க. எனக்கும் மாத்த மனசில்ல, பொய் சொல்ல மாட்டேன். காலையில கேட்டிருந்தா தெரியாது.”

சரி என்கிற வார்த்தை அவர் நாக்கு வரைக்கும் வந்தது. சரி, உனக்கு எது, என்று அதன் வாலும் பின்னால் வந்தது. இரண்டையும் விழுங்கினார். அட்டவணையில் இந்த வரி இல்லை. எத்தனை நாள் விடிய விடிய உட்கார்ந்து நிரப்பியும் இந்த வரி வரவில்லை. கூடத்துக் கதவு திறந்தது. முடித்தவர்கள் ஒவ்வொருவராக உறையோடு வெளியே வரத் தொடங்கினார்கள். அவர் ஒதுங்கி வழிவிட்டார். அழுகை வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றார்.

“இருக்கீயளா?” என்றாள் வடிவு.

“இருக்கேன்.”

“மொதல்ல ஒண்ணு சொன்னீங்கல்லா. போன எடுத்ததும்.”

“ம்.”

“நான் வரப்போறதில்ல. தெரியும்லா?”

“தெரியும்.”

“ஆனாலும் அத இன்னொருக்கா சொல்லுங்க.”

“வந்துரு,” என்றார். குரல் நடுவில் உடைந்து, சங்கரன்கோவில் தெருமுனையில் கத்தின மாதிரி உரக்க வந்துவிட்டது. படியிறங்கிக்கொண்டிருந்த ஷோரூம் பெண் நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.